இலைக்குள் இருந்த மஞ்சள்



கணவர் மௌத்தான பின் நான் தனித்திருக்க வேண்டாமென்று மகள் என்னை லண்டனுக்கு அழைத்துக்கொண்டாள். வந்தபோது இங்கு இலையுதிர்காலம். ஜன்னலோரம் இருந்து, எதிரேயுள்ள பேர்ச் மரம் இலைகளைக் கொட்டுவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். நம் முற்றத்துப் பலா ஒருநாளும் இப்படி மொட்டையாய் நின்றதில்லையே என்று நெஞ்சு கனக்கும்.

ஒருநாள் பாடசாலை விட்டு வந்த பேரன், மஞ்சள் இலையொன்றை என் கையில் வைத்தான்.

"உம்மும்மா, இந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது, சொல்லுங்க?"

"குளிரில் பழுத்திருக்கும்" என்றேன்.

"இல்ல, முதலே உள்ளுக்க இருந்தது. பச்சைதான் மறைச்சிருந்தது!"

உண்மைதான். பகல் குறையும்போது மரம் இலையிலுள்ள சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சையம் அழிகிறது, கோடை முழுவதும் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. கீழே இறங்கிப்போய்க் கிளையைத் தொட்டுப் பார்த்தேன். இலை உதிர்ந்த இடத்தருகே சின்னஞ்சிறு மொட்டு! அடுத்த வசந்தத்துக்கான இலை இப்போதே தயார்.

குமரியாய் இருந்த காலத்தில் நான் அழகாகப் பூவேலை செய்வேன். பிள்ளைகள், அடுப்படி, அவருடைய நோய் என்று 40 வருடங்கள் ஊசியைத் தொடவேயில்லை. அன்றே மகளிடம் மஞ்சள் நூல் வாங்கித் தரச் சொன்னேன்.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு இங்கு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள். சும்மா கிடைத்த அந்த ஒரு மணித்தியாலத்தில், நடுங்கும் விரல்களால் முதல் பூவைத் தைத்து முடித்தேன். சற்றுக் கோணல்தான். பேரன் அதைத் தன் தலையணை உறைக்குக் கேட்கிறான்.

சகோதரிகளே, உங்கள் பச்சைக்குள் மறைந்திருக்கும் மஞ்சள் எது?