மலைப்பாதையை மூடினால் முன்பணம் யாருக்கு?

கம்பம் பள்ளத்தாக்குக்கும் மேகமலைக்கும் விடுமுறையில் அறை பதிவு செய்பவர்கள் ரத்து நிபந்தனைகளைப் பெரும்பாலும் படிப்பதில்லை. "நம்ம தப்பு இல்லாம பயணம் நின்னா பணத்தைத் திருப்பித் தந்துதானே ஆகணும்" என்பதே அவர்கள் சொல்லும் காரணம். நியாயம் போலத் தோன்றும் இந்த நம்பிக்கை, பயணம் எதனால் நிற்கிறது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. 2023 மே மாதத்தையே பார்க்கலாம். கேரள வனத்துறை சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்ட அரிக்கொம்பன் யானை மேகமலைப் பக்கம் வந்தது. கோடை விடுமுறை நேரத்திலேயே மேகமலைக்குச் சுற்றுலாப் பயணிகள் செல்லத் தடை விதிக்கப்பட்டது. மே 27 அன்று யானை கம்பம் நகருக்குள்ளேயே புகுந்தது. 144 தடை உத்தரவும் வந்தது. ஜூன் 5 அன்றுதான் அது பிடிபட்டது. இப்படியொரு தடையின்போது மலைமேல் அறை எடுத்தவருக்கு வழியே இல்லை. அந்த அறையை உரிமையாளராலும் தர முடியாது. ஆனால் மேகமலையைப் பார்ப்பதற்காகச் சின்னமனூரிலோ தேனியிலோ தங்கப் பதிவு செய்தவரின் அறை திறந்தே இருக்கும். சுருளியிலும் கும்பக்கரையிலும் வெள்ளத்தால் குளிக்கத் தடை விதிக்கும் நாட்களிலும் இதே கதைதான். மூடப்பட்டது அருவி, விடுதி அல்ல. அந்தப் பணம் திரும்புமா என்பதை எழுதப்பட்ட நிபந்தனைதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

"சட்டம் இருக்கிறதே" என்பது அடுத்த வாதம். இருக்கிறது, உண்மைதான். ஒப்பந்தம் நிறைவேற்ற முடியாததாகிவிட்டால் பெற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்று 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56, 65ஆம் பிரிவுகள் சொல்கின்றன. நியாயமற்ற ஒப்பந்தம் எது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வரையறுக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை நியாயமற்றது என்று அறிவிக்கக் கோரும் வழக்கை மாவட்ட ஆணையத்தில் தொடுக்க முடியாது. மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்காக அவ்வளவு தூரம் போகிறவர்கள் மிகக் குறைவு. சட்டம் பணம் போன பிறகு கைகொடுப்பது. நிபந்தனையைப் படிப்பது பணம் போவதற்கு முன்பே காப்பது.

"படித்தாலும் மாற்றவா முடியும்?" என்று கேட்பார்கள். மாற்ற முடியாவிட்டாலும் தேர்ந்தெடுக்கலாம். மூன்று இரவுக்கு 9,000 ரூபாய் வாடகை, ரத்து செய்தால் பணம் திரும்பாது என்றால் 8,100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மிச்சமாகும் 900 ரூபாய் தள்ளுபடி மட்டுமல்ல. பயணம் நின்றால் வரும் நஷ்டத்தை நீங்கள் ஏற்பதற்கான கூலியும்கூட. பயணம் நிற்கப் பத்தில் ஒன்றுக்கு மேல் வாய்ப்பு இருந்தால் அந்தக் கூலி கட்டுப்படியாகாது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மண்சரிவுக்குப் பேர்போன மலைப்பாதைகளை நம்பிப் போகிறவர் இந்தக் கணக்கைப் போட்டே ஆக வேண்டும்.

"தெரிந்தவர் மூலம் போட்டது, வாய்வார்த்தை போதும்" என்பவர்கள் விடுதிக்காரரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பொங்கல் விடுமுறைக்கு ஒதுக்கிய அறையை முந்தைய நாள் ரத்து செய்தால் அவருக்கு வேறு ஆள் கிடைப்பது கடினம். நாலைந்து அறை வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது பெரிய அடி. ஆகவே பிடித்தம் என்பதே அநியாயம் அல்ல. சொல்லாமல் பிடிப்பதுதான் அநியாயம். எத்தனை நாள் முன்பு வரை முழுப் பணமும் திரும்பும், வனத்துறையோ மாவட்ட நிர்வாகமோ தடை போட்டால் என்ன செய்வீர்கள், தேதியை மாற்றித் தருவீர்களா என்ற மூன்று கேள்விகளையும் பணம் அனுப்பும் முன்பே கேட்டு, பதிலை வாட்ஸ்ஆப்பில் எழுத்தாக வாங்கிவிட வேண்டும். நேர்மையான உரிமையாளர் இதற்குத் தயங்கமாட்டார். தயங்குகிறவரிடம் முன்பணம் கொடுக்காமல் இருப்பதே நல்லது.