பையருக்கு ‘வாங்க’... பையனுக்கு ‘வாடா’!

பாங்காக்கில் ஒரு ஓட்டல். காலை டிபன் நேரம். பக்கத்து மேஜையில் நம்ம திருப்பூர்க்காரர்கள் ஆறு பேர். ‘ஏனுங்க, நீங்க மொதல்ல எடுங்க’, ‘அட, நீங்க சாப்புடுங்க’ என்று ஒருத்தருக்கொருத்தர் அவ்வளவு மரியாதை. கேட்கக் கேட்க எனக்குக் காது குளிர்ந்து போச்சு.

அடுத்த நிமிஷமே ஒருத்தர் விரலைச் சொடுக்கினார். “ஏய்... காபி!”

பரிமாறும் பெண் ஓடி வந்தார். கைகூப்பிச் சிரித்து, ஏதோ சொல்லி, கடைசியில் ‘க்கா’ என்று முடித்தார். “என்னையப் போயி அக்காங்குது பாரு!” மேஜையே குலுங்கிச் சிரித்தது.

அது அக்கா இல்லீங்க சார். தாய்லாந்துப் பெண்கள் மரியாதைக்காகப் பேச்சின் கடைசியில் சேர்க்கிற சொல். ஆண்கள் ‘க்ராப்’ என்பார்கள். நம்ம கொங்குச் சீமையின் ‘ங்க’ செய்கிற அதே வேலை! அவர் உங்களுக்கு ‘ங்க’ போட்டார். நீங்கள் அவருக்கு ‘ஏய்’ போட்டீர்கள். அங்கேயே எழுந்து போய் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதான் இங்கே எழுதுகிறேன்.

‘வெள்ளைக்காரன் மாதிரி நிமிஷத்துக்கு ஒரு ப்ளீஸ் சொல்றதெல்லாம் நமக்குப் பழக்கம் இல்லீங்க’ என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். தமிழில் ‘தண்ணி குடுங்க’ என்றாலே ப்ளீஸ் அதற்குள் அடக்கம். சரி, அந்த ‘ங்க’வை ஆள் பார்த்து வெட்டுவது மட்டும் எந்த ஊர்ப் பழக்கம்?

ஊருக்கே வருவோம். பின்னலாடை ஏற்றுமதியில் 2024-25ல் சுமார் 40,000 கோடி ரூபாயைத் தொட்ட ஊர். ஐரோப்பாவிலிருந்து பையர் வந்து இறங்கினால் மாலை, இளநீர், பேச்சுக்குப் பேச்சு ‘ப்ளீஸ்’. இல்லாத பழக்கம் அப்போது மட்டும் எங்கிருந்து வருகிறது?

அதே ஆள் பவர் டேபிளில் தைக்கிற பீகார் தொழிலாளியிடம் இந்தி பேசுவார். தெரிந்ததே நாலு வார்த்தைதான். ‘இதர் ஆ’, ‘ஜல்தி கர்’. இந்தியில் மரியாதைக்கு ‘ஆப்’, ‘தும்’, ‘தூ’ என்று மூணு படி உண்டு. நாம் கற்றுக்கொண்டது கடைசிப் படியை மட்டும்!

ஆபீஸ் சுவரில் எஸ்.ஏ.8000 சான்றிதழ் தொங்கும். தொழிலாளியை வாயால் அவமானப்படுத்தக் கூடாது என்பதும் அதில் ஒரு விதி. ஆடிட்டர் வந்தால் தீயணைப்புக் கருவியைக் காட்டலாம், கக்கூஸைக் காட்டலாம். ‘டேய்’ எந்த ரெஜிஸ்டரில் ஏறும்?

2023 மார்ச்சில், வட மாநிலத்தவரை இங்கே அடித்துக் கொல்வதாகப் பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோய் நிறையப் பேர் ரயில் ஏறினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே திருப்பூர் வந்து விசாரித்தது. வீடியோ பொய்தான். ஆனால், அந்தப் பொய் ஏன் அவ்வளவு சுலபமாக எடுபட்டது? தினமும் ‘டேய்’ கேட்கிற காதுக்கு, ‘நாளைக்கு அடிப்பாங்க’ என்பது நம்ப முடியாத சேதியா என்ன?

நான் பி.காம். படித்தவன். கணக்கு சொல்கிறேன். நூலுக்குக் காசு, சாயத்துக்குக் காசு, கரண்டுக்குக் காசு. காசே இல்லாத ஒரே சரக்கு ‘ங்க’. அதையும் பையருக்கே பெட்டி கட்டி அனுப்பிவிட்டால், கூட இருந்து உழைக்கிறவருக்கு என்ன மிச்சம்?

ரிஜெக்ட் பீஸைக் காதர்பேட்டையில் தள்ளிவிடலாம். மரியாதையில் ரிஜெக்ட் பீஸ் கிடையாதுங்க!