அரங்கம் பக்கத்தில், வீடு எட்டாத தூரத்தில்

திருவனந்தபுரத்தில் மனை விற்பவர் டெக்னோபார்க் எவ்வளவு தூரம், விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று சொல்வார். கூப்பிடு தூரத்தில் கதகளி நடக்கிறது என்று சொல்லி விலையைக் கூட்டிக் கேட்பவர் அபூர்வம்.

அரசின் கணக்கும் அதேதான். 2010 முதல் கேரளத்தில் நிலத்துக்கு அரசே நியாய விலை நிர்ணயிக்கிறது. முத்திரைத்தாள் வரி 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். விலைக்குக் குறைந்தபட்ச அளவுகோல் அதுதான். வீட்டு மனையா, வணிக மனையா, வாகனம் போகும் சாலை உண்டா என்றெல்லாம் வகை பிரிக்கிறார்கள். கலையரங்கம் என்று ஒரு வகை கிடையாது.

ஆனாலும் டாகூர் தியேட்டர் இருக்கும் வழுதக்காடும், நிசாகந்தி திறந்தவெளி அரங்கம் உள்ள கனகக்குன்றுச் சுற்றுப்புறமும் நகரின் விலையுயர்ந்த பகுதிகள். காரணம் கலை அல்ல. அரண்மனையும் அரசு அலுவலகங்களும் அங்கே முன்பே வந்துவிட்டன. விலை ஏறிய இடத்துக்குப் பின்னால்தான் கலை போனது.

கொச்சியில் கதை வேறு. 2012இல் தொடங்கிய கொச்சி முசிறிஸ் பினாலே நூறு நாட்களுக்கு மேல் நடக்கும் கலைக் கண்காட்சி. ஏற்கெனவே சுற்றுலா செழித்த ஃபோர்ட் கொச்சியில், பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக்க அது இன்னொரு காரணமானது. திருவனந்தபுரத்தின் சர்வதேசத் திரைப்பட விழாவோ ஒரு வாரக் கூட்டம். லாட்ஜ் வாடகை ஏறலாம். வீட்டு விலை ஏறாது.

ஆனால் விலை கலையைப் பாதிக்காது என்று அர்த்தமல்ல. கோட்டைப் பகுதியில் ஜனவரி 6 முதல் 12 வரை குதிரை மாளிகையில் ஸ்வாதி சங்கீதோற்சவம். நவராத்திரி மண்டபத்தில் கைதட்டலே இல்லாத ஒன்பது நாள் கச்சேரி. சுற்றியுள்ள அக்ரகாரங்களின் தமிழ்க் குடும்பங்களுக்கு இதெல்லாம் நடந்து போய்க் கேட்ட சங்கீதம். இன்று வாரிசுகள் பலர் வெளியூரில். பத்மநாபசுவாமி கோவிலுக்கு வரும் கூட்டத்தால் அந்த வீடுகளுக்கு வியாபார மதிப்பு. ஓட்டுக் கூரையையும் திண்ணையையும் காக்கப் பாரம்பரியப் பகுதி விதிகள் உண்டு. திண்ணையில் உட்கார ஆள் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

பழைய வீட்டில் தொடர்ந்து குடியிருப்பவருக்குப் பழுதுபார்க்க உதவியோ வரிச் சலுகையோ தந்தால், வீட்டோடு ரசிகரும் மிஞ்சுவார். இல்லையென்றால் கச்சேரி அங்கேயே நடக்கும். கேட்பவர் ஆட்டோ பிடித்து வருவார்.