கேம்பர் வேனும் இருபது லிட்டர் பெட்டியும்



வேல்ஸ் பயணப் படங்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் "சார், கடல் எப்படி?" என்றே கேட்கிறீர்கள். கடல் அழகுதான், நம் தரங்கம்பாடிக் கடலும் அழகுதான். நான் சொல்ல வந்தது வேறு.

மகனோடு கேம்பர் வேனில் போய், பெம்புரோக்‌ஷயர் கடலோரம் ஒரு விவசாயியின் புல்வெளியில் தங்கினோம். வண்டிச் சங்கங்கள் சான்றளிக்கும் இத்தகைய சிறு முகாம்களில் 5 வண்டிகள்தான் நிற்கலாம். ஒரு குழாய், கழிவு கொட்ட ஒரு தொட்டி, அவ்வளவுதான். வேலையாள் கிடையாது. வண்டிக் கழிவறைக்கு அடியில் சுமார் 20 லிட்டர் பெட்டி. நிறைந்தால் நாமே கழற்றிக் கொட்டி, அலசி மாட்ட வேண்டும். பக்கத்து வண்டிப் பெரியவர் பெட்டியைக் கையில் பிடித்தபடியே எனக்குக் காலை வணக்கம் சொன்னார். மறுநாளிலிருந்து அது என் வேலை. மகன் தடுத்தான், நான் விடவில்லை.

கையால் மலம் அள்ளுவதற்கு எதிராக 1993இலும் 2013இலும் சட்டம் போட்டோம். இன்றும் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிச் சாகிறார்கள். இறங்குவது யார் என்று கேட்கவே வேண்டாம். பள்ளிக் கழிவறை கழுவ எந்தத் தெருப் பிள்ளைகளை அனுப்புவார்கள் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும்.

நம் கடற்கரையிலும் இப்படி முகாம்கள் வரட்டும், முதல் ஆளாக வருகிறேன். ஆனால் அந்தப் பெட்டியைத் தூக்கத் தனியாக ஓர் ஆளை வைத்தால், என்னைக் கூப்பிடாதீர்கள்.