உலையில் இடுவதற்கு முன் ஒரு பிடி



2022ஆம் ஆண்டை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. எரிவாயு சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் விடியுமுன்பே வரிசையில் நின்றோம். அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. வரிசைகள் பின்னர் கலைந்தன, வறுமை கலையவில்லை. 2019இல் நூற்றுக்கு 11 பேராக இருந்த வறியோர் தொகை 2023இல் ஏறத்தாழ 26 ஆக உயர்ந்ததென உலக வங்கி மதிப்பிட்டது. நால்வரில் ஒருவர்! ஞாயிறு திருப்பலியில் நீங்கள் அமரும் அதே வாங்கில் ஒருவர் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

"சுவாமி, எங்களுக்கே போதாதபோது எதைக் கொடுப்பது?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆயினும் மக்கதோனியத் திருச்சபையாரை நினைத்துப் பாருங்கள். கடும் வறுமையில் வாடிய அவர்கள், எருசலேம் மக்களுக்கான உதவியில் தங்களுக்கும் பங்கு வேண்டுமெனத் தாமாகவே வருந்திக் கேட்டார்கள் என்று தூய பவுல் எழுதுகின்றார் (2 கொரிந்தியர் 8). இது பழங்கதையன்று. 2022 மே மாதம் தமிழகத்திலிருந்து 9,000 தொன் அரிசியுடன் கப்பல் கொழும்பு வந்ததை அறிவீர்கள். அதே மாதம் அங்கே, யாசகம் பெற்று வாழ்ந்த முதியவர் ஒருவர் இலங்கைத் தமிழருக்கென 10,000 ரூபா கொடுத்தார். அது அவருக்கு மிஞ்சிய பணமாகவா இருந்திருக்கும்?

நம் தாய்மாரிடம் பிடியரிசி எடுத்து வைக்கும் வழக்கம் ஒன்று இருந்தது. அளந்த அரிசியை உலையில் இடுமுன் ஒரு பிடி தனியே பானைக்குள் போகும். சமைத்து, உண்டு, மிஞ்சியதை அல்ல, முதலிலேயே எடுத்தது. கொரிந்து மக்களிடம் பவுல் கேட்டதும் இதையே: வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கேற்பச் சேர்த்து வைக்கவேண்டும். மாத முடிவில் பார்ப்போம் என்றால் எவருக்கும் எதுவும் மிஞ்சுவதில்லை. (குருவாகிய எனக்கும்தான்.) ஆனால் முதல் நன்மை விருந்துக்குக் கடன்பட்டாவது மண்டபம் பிடிக்கின்றோம், பெயர் பொறித்த கல் பதிப்பார்களென்றால் மணிக்கூண்டுக்கும் அள்ளிக் கொடுக்கின்றோம்.

இன்னொன்றையும் நேர்மையோடு சொல்லவேண்டும். ஏழைக் கைம்பெண்ணின் இரு காசுகளைப் பாராட்டுவதற்குச் சற்று முன்னர்தான், கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞரை ஆண்டவர் கடிந்தார். இவ்விரண்டையும் சேர்த்துப் பிரசங்கிக்க எம்மைப் போன்ற குருக்கள் தயங்குகின்றோம். பவுலோ, திரட்டிய நிதியைப் பற்றி எவரும் குறை சொல்லலாகாதென்று, திருச்சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் உடன் சேர்த்துக்கொண்டார்.

ஆகையால் பிடியரிசிப் பானையை மீண்டும் அடுப்படியில் வையுங்கள். உங்கள் பங்கின் வறியோர் நிதிக் கணக்கு அறிவித்தல் பலகையில் இல்லையெனில், பங்குத்தந்தையிடம் கேளுங்கள். அவர் மனம் வருந்தமாட்டார், வருந்தினாலும் கேளுங்கள்.