பரிமளத்தின் அளவு

ஆடவர்க்கென்று விற்கப்படும் மேல்நாட்டுப் பரிமளங்களைப் பற்றி இக்காலத்தில் எங்கே பேச்சு எழுந்தாலும், அது எவ்வளவு நேரம் நிற்கும், எவ்வளவு தூரம் வீசும் என்னும் இரண்டு கேள்விகளே முன்னால் வருகின்றன; அவற்றுக்குக் கிடைக்கும் விடையைக் கொண்டே அதன் தராதரமும் நிச்சயிக்கப்பட்டுவிடுகிறது. எட்டு மணி நேரம் நின்றால் உயர்ந்தது, நான்கு மணி நேரத்தில் அடங்கிவிட்டால் தாழ்ந்தது, அறைக்குள் நுழைந்த மாத்திரத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தால் மிகமிக உயர்ந்தது என்றோர் எண்ணம் விற்போரிடத்தும் வாங்குவோரிடத்தும் ஊறிப்போயிருக்கிறது. இந்த அளவுகோல் அடியோடு பிழையானது என்பதும், பூசிக்கொள்வதற்கு உகந்த பரிமளத்தின் முதல் இலட்சணம் அதன் அடக்கமே என்பதும் என்னுடைய உறுதியான அபிப்பிராயம்.

பரிமளம் காலத்தில் விரிகின்ற வஸ்து. முகர்ந்த கணத்தில் அதன் முழு சொரூபமும் தெரிந்துவிடுவதில்லை. இத்தாலியின் தென்கோடியிலுள்ள கலாப்ரியாவில் விளையும் பெர்கமோட் பழத்தின் தோலிலிருந்து எடுக்கும் எண்ணெய், எலுமிச்சைத் தோலின் எண்ணெய் முதலியவற்றில் மிகுந்திருக்கும் லிமோனின் என்ற பொருளின் மூலக்கூறு எடை 136; ஆகையால் அது தோலின் சூட்டில் விரைந்து ஆவியாகிச் சில நிமிஷங்களில் போய்விடும். அதனினும் கனத்த மூலக்கூறுகள் பொதுவாக மெல்ல மெல்ல எழுந்து மணிக்கணக்கில் தங்கும். கடையில் காகிதப் பட்டையொன்றில் தெளித்து நம் மூக்கருகே நீட்டும்போது நாம் அறிவது அந்த முதல் சில நிமிஷங்களை மட்டுமே. அதிலும் காகிதத்துக்குச் சூடு இல்லை, எண்ணெய்ப் பசை இல்லை, வியர்வை இல்லை. இந்த முதல் வசீகரத்தை நம்பி ஆயிரக்கணக்கான ரூபாயைக் கொடுத்துவிட்டு, அந்தி வேளையில் சட்டைக் கழுத்தில் எஞ்சியிருக்கும் சர்க்கரைப் பாகு போன்ற வாடையைச் சகித்துக்கொண்டு திரிகிறவர்கள் பலர். நல்ல பரிமளமோ மூன்றாவது மணி நேரத்தில்தான் தன் குணத்தைக் காட்டுகிறது. தொடக்கத்தில் எழுந்த மணத்துக்கும் அப்போது எஞ்சியுள்ள மணத்துக்கும் உறவு இருக்கிறதா, இடையில் வந்தவை ஒன்றையொன்று தாங்கி நின்றனவா, அல்லது மேற்பூச்சு உதிர்ந்ததும் உள்ளே ஒன்றும் இல்லாமல் போயிற்றா என்று அப்போது பார்க்க வேண்டும்.

இதற்கு உதாரணமாக நான் எடுத்துக்கொள்வது, பாரிஸ் நகரத்துக் கிறிஸ்தியான் டியோர் ஆடை நிலையம் 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஓ ஸோவாஜ்' என்னும் பரிமளம். டியோர் 1957இலேயே காலமாகிவிட்டார். அதற்கு முந்திய ஆண்டில் அவருக்காக 'டியோரிஸிமோ' என்ற பெண்களுக்கான பரிமளத்தை இயற்றித் தந்த எட்மோன் ரூட்னிட்ஸ்கா என்பவரே, பத்து ஆண்டுகள் கழித்து ஆடவர்க்கான இதனையும் இயற்றினார். பிரான்ஸின் தெற்கே, பரிமளத் தொழிலுக்குப் பேர்போன கிராஸ் நகரத்தை அடுத்த கப்ரி என்னும் மலைக் கிராமத்தில் தோட்டம் அமைத்து வாழ்ந்த அவர், பரிமளம் இயற்றுவதைச் சங்கீதம், சித்திரம் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணத்தக்க கலை என்று வாதாடி நூல்களும் எழுதினார். அந்த வாதத்துக்கு அவர் தந்த சிறந்த சான்று இந்தப் பரிமளமே என்று சொல்வேன்.

அதன் மேலோட்டமான அமைப்பில் புதுமை ஒன்றும் இல்லை. எலுமிச்சை, பெர்கமோட், ரோஸ்மேரி, லாவெண்டர் ஆகியவை பதினெட்டாம் நூற்றாண்டு தொட்டே கொலோன் தண்ணீரில் கலந்து வந்தவை. அடியில் இருக்கும் வெட்டிவேரும் ஓக் மரத்தில் படரும் ஒருவகைப் பாசியும் அக்காலத்துப் பரிமளகாரர் அனைவரும் அறிந்தவை. இவற்றுக்கு இடையே ரூட்னிட்ஸ்கா வைத்த ஹெடியோன் என்ற பொருள்தான் விசேஷமானது. ஜெனீவாவிலுள்ள ஃபிர்மெனிக் நிறுவனத்து இரசாயனிகள் மல்லிகை இன மலர்களின் சாரத்தைப் பகுத்தாராய்ந்தபோது தெரியவந்த மூலக்கூறு அது. தனியே முகர்ந்தால் வலுவில்லாத மெல்லிய மணம் என்றே தோன்றும். ஆயினும் அதை முதன்முதலாகப் பெயர் சொல்லத்தக்க அளவில் பிரயோகித்த ரூட்னிட்ஸ்காவின் கையில், பழத்தோலின் கூர்மையும் இலைகளின் கசப்பும் வேரின் வறட்சியும் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பதற்கு வேண்டிய இடைவெளியை அது உண்டாக்கிற்று. கச்சேரியில் தம்புராவைத் தனியே கவனித்துக் கேட்பவர் யாரும் இல்லாவிட்டாலும் அது நின்றுவிட்டால் பாட்டு வெறுமையாகிவிடுவதுபோல, ஹெடியோனும் தான் தெரியாமலே மற்றவற்றைத் தெரியச் செய்கிறது.

தமிழர்க்கு இதனை விளங்கிக்கொள்ள அதிக விளக்கம் தேவையில்லை. பூட்டிய அறையில் நேற்றைய பூச்சரம் கிடந்தால் எழுகின்ற கனத்த நெடியையும், விடியற்காலையில் மல்லிகைத் தோட்டத்தின் ஓரமாக நடக்கும்போது காற்றோடு வந்து தொட்டுப்போகும் குளிர்ந்த மணத்தையும் நாம் குழந்தைப் பருவம் முதல் வேறுபடுத்தி அறிந்திருக்கிறோம். முன்னதற்கு மலரிலுள்ள இண்டோல் என்னும் பொருள் பெரிதும் காரணம். பின்னதை ஒத்த பக்கத்தைத்தான் ஹெடியோன் தருகிறது. மதுரை, கோயம்புத்தூர் வட்டாரங்களில் விளையும் மல்லிகையும் ஜாதிமல்லியும் சாரமாக வடித்தெடுக்கப்பட்டு பிரெஞ்சுப் பரிமளசாலைகளுக்கு இன்றும் போய்க்கொண்டிருக்கின்றன என்பது நாம் அடிக்கடி மறந்துவிடும் செய்தி.

'ஓ ஸோவாஜ்' நெடுநேரம் உரக்க வீசுவதில்லை. முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அருகில் வந்து அமர்பவருக்கே அது தெரியும். பிற்பகலுக்குள் பூசிக்கொண்டவரின் தோலோடு ஒன்றிவிடும். இன்றைய அளவுகோலின்படி இது குறை. பெயரில் பாதியை மட்டும் கடன்வாங்கி அதே நிலையம் 2015இல் வெளியிட்ட 'ஸோவாஜ்', ஃபிரான்ஸ்வா டெமாஷி என்பவர் இயற்றியது, இன்று உலகமெங்கும் இளைஞர்கள் விரும்பி வாங்குவது, இந்தக் குறையைத் தீர்த்துவிட்டது என்று சொல்வார்கள். அதிலுள்ள பெர்கமோட்டின் தெளிவையும் மிளகின் சுறுசுறுப்பையும் நான் மறுக்கவில்லை. தொழில்திறமை மிக்க கைகள்தாம் அதைச் செய்திருக்கின்றன. ஆனால் அதன் முதுகெலும்பு அம்ப்ராக்ஸான். திமிங்கிலத்தின் வயிற்றில் விளையும் மீனம்பரின் மணத்தை ஒத்தது, நெடுங்காலமாகக் கிளாரி சேஜ் என்னும் செடியின் சாரத்திலிருந்து மாற்றிச் செய்யப்படுவது, எளிதில் மறையாதது. இத்தகைய பொருளைத் தாராளமாகக் கலந்துவிட்டால் எந்தப் பரிமளமும் பொழுது சாயும்வரை நிற்கும். அப்படி நிற்பது அந்தப் பொருளின் இயல்பே ஒழிய இயற்றியவரின் சாமர்த்தியம் ஆகாது. கால்மணி நேரத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அதன்பின் மாறுதல் இன்றி ஒரே சுரத்தில் எட்டு மணி நேரம் நீடிக்கிற மணத்தைக் காட்டிலும், நான்கு மணி நேரத்துக்குள் பழம், இலை, மலர், வேர் என்று ஒழுங்காக நடந்து முடிகிற மணமே என் கணக்கில் மேலானது.

'ஓ து துவாலெத்' என்றால் மட்டம், 'பர்ஃபம்' என்றால் உசத்தி என்று எண்ணுவதும் இதே தவற்றின் இன்னொரு முகம். முன்னதில் வாசனைத் திரவியம் நூற்றுக்குச் சுமார் ஐந்து முதல் பதினைந்து பங்கு, பின்னதில் இருபதுக்கும் மேல் என்பது செறிவைக் குறிக்கும் கணக்கு. செறிவு கூடினால் பெர்கமோட்டின் ஒளி மங்குவதும் உண்டு.

அணிபவர் தம் மணத்துக்குத் தாமே நல்ல நீதிபதி ஆக முடியாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மூக்கு எந்த வாசனைக்கும் சிறிது நேரத்தில் பழகிவிடும் இயல்புடையது. தமக்குத் தெரியவில்லை என்பதனால் மணம் போய்விட்டது என்று கருதி மறுபடியும் மறுபடியும் தெளித்துக்கொள்கிறவர், பக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலியை உண்டாக்குகிறார். அன்றியும் கஸ்தூரி போன்ற சில செயற்கைப் பொருள்களையும் வேறு சில கனத்த மூலக்கூறுகளையும் பிறவியிலேயே முகர இயலாதவர்கள் உண்டு. அவர்கள் தமக்கு எட்டாத ஒன்றைப் பிறர்மேல் குடம் குடமாகக் கொட்டுகிறார்கள். ஆகவே, நம் மூக்கின் குறையை நன்கு அறிந்து வெளிப்படையாகச் சொல்லக்கூடிய ஒருவரிடம், மனைவியானாலும் சகோதரனானாலும், இரண்டு மணி நேரம் கழித்து அபிப்பிராயம் கேட்பதே முறை.

நம் நாட்டு வெயிலில் இந்த விசாரம் இன்னும் அவசியமாகிறது. பனிக்காலத்து ஐரோப்பாவுக்கு ஏற்ற, வனிலாவும் சாம்பிராணியும் இனிப்பும் கலந்த கனத்த பரிமளங்களைச் சித்திரை மாதத்துச் சென்னையில் பூசிக்கொண்டு நெரிசல் மிகுந்த பேருந்திலும் புறநகர் ரயிலிலும் ஏறினால், உடற்சூடு அவ்வளவையும் ஒரே மூச்சில் எழுப்பிவிடுகிறது. குளிரூட்டிய அலுவலக அறையிலோ, சாளரங்கள் அடைத்திருப்பதால் அது எங்கும் போக வழியின்றிச் சுழன்றுகொண்டே இருக்கிறது. நோயாளிகள் இருக்கும் இடத்திலும் வகுப்பறையிலும் இதனால் விளையும் சங்கடத்தைக் கேட்பார் இல்லை. எலுமிச்சை, இலை, வெட்டிவேர் ஆகியவற்றைச் சார்ந்த பரிமளங்கள் நம் தட்பவெப்பத்துக்கு இசைந்தவை. அவை விரைவில் அடங்குகின்றனவே என்று வருந்துகிறவர் சிறு குப்பியொன்றைப் பையில் வைத்திருந்து மாலையில் மறுபடி ஒருமுறை தெளித்துக்கொள்ளலாம்.

ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. இன்றைக்குக் கிடைக்கும் 'ஓ ஸோவாஜ்' 1966இல் இருந்ததுதானா என்று கேட்கலாம். முழுவதும் அதுவன்று. ஓக் பாசியில் ஒவ்வாமை விளைவிக்கும் இரண்டு பொருள்கள் இருப்பதை ஆராய்ச்சி காட்டிற்று. 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றைத் தடை செய்தது. பாசி அடியில் நிற்கும் பழைய பரிமளங்கள் பலவும் இத்தகைய விதிகளுக்கு இணங்கத் திருத்தப்பட்டவையே. வெர்சாய் நகரத்தில் 1990இல் நிறுவப்பட்ட 'ஒஸ்மோதேக்' என்னும் பரிமளக் காப்பகம், பழைய பரிமளங்களை ஆதி சூத்திரப்படி மறுபடி செய்து, ஆர்கான் வாயுவின் கீழ், பன்னிரண்டு பாகை குளிரில் பாதுகாத்து வைத்திருக்கிறது. சித்திரத்துக்கும் சிற்பத்துக்கும் உள்ள மரியாதையை மணத்துக்கும் அளித்த அந்தக் காரியத்தை நான் மிகவும் போற்றுகிறேன். ஆனால் வாங்கி அணிபவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியது தம் கையிலுள்ள குப்பியைப் பற்றித்தான். மாறியிருந்தும் அதன் நடையும் நிதானமும் கெடவில்லை என்பதே என் தீர்ப்பு.

விலையை நினைத்துத்தான் மக்கள் மணி நேரக் கணக்குப் பார்க்கிறார்கள் என்பதை நான் அறியாதவன் அல்லன். நூறு மில்லிலிட்டர் குப்பிக்கு ஒரு சிறு உத்தியோகஸ்தரின் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுக்க நேர்கிறபோது அந்தக் கணக்கு இயற்கையே. அதனாலேயே நம் ஊர்க் கடைகள் காகிதப் பட்டையோடு நின்றுவிடுவது பெரிய அநீதியாகும். இரண்டு மில்லிலிட்டர் கொள்ளும் மாதிரிக் குப்பிகளை, விலை வைத்தேனும், கேட்பவர் எல்லோருக்கும் அவை தர வேண்டும். வேலை நாளிலும் விடுமுறையிலும், வெயிலிலும் மின்விசிறிக் காற்றிலும் பூசிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து வாங்குகிறவருக்கு, மாதிரிக்குக் கொடுத்த தொகையைப் பெரிய குப்பியின் விலையில் கழித்துக்கொடுக்கவும் வேண்டும்.