அம்மாவின் அறுபதுக்கு என்ன பெயர்?

நம் வீடுகளில் அப்பாவுக்கு அறுபது நிறைவது பெரிய விசேஷம். பத்திரிகை அடிப்போம். திருக்கடையூருக்கு வேன் பிடிப்போம். கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றியதும் அப்பா மறுபடி ஒருமுறை அம்மா கழுத்தில் தாலி கட்டுவார், பேரன் பேத்திகள் கைதட்டிச் சிரிக்கும். இங்கிருந்து நாமும் வருஷ லீவில் பாதியை அதற்கென்றே எடுத்து வைப்போம். எனக்கு இதில் ஒரு ஆட்சேபமும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான்: அது யாருடைய அறுபது?

கணக்கு அப்பாவுடையது. சஷ்டியப்தபூர்த்தி அவர் வயதுக்கு. எழுபதில் பீமரத சாந்தியும் அவர் வயதுக்கு. எண்பதைத் தாண்டி, ஆயிரம் பிறை கண்டவர் என்று செய்யும் சதாபிஷேகமும் அப்படித்தான். (29½ நாளுக்கு ஒரு பௌர்ணமி என்று வைத்தால் ஆயிரம் பௌர்ணமிக்கு ஏறக்குறைய 80 வருஷம் 10 மாதம் ஆகிறது. அம்மாக்கள் பார்த்ததும் அதே நிலாதான்.) மனையில் பக்கத்தில் உட்காரும் அம்மாவுக்கு அன்றைக்கு 52 இருக்கும், 55 இருக்கும். அவருக்கு அறுபது ஆகிற வருஷம் பெரும்பாலான வீடுகளில் யாரும் காலண்டரைப் பார்ப்பதில்லை. அப்பா முன்னாலேயே போய்விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். அடுத்தவர் வீட்டு அறுபதாம் கல்யாணத்தில்கூட அம்மா ஓரமாகத்தான் நிற்பார்.

அறுபதுக்கு ஏன் இத்தனை மரியாதை? பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருஷம் சுற்றி முடிந்து, பிறந்த வருஷத்தின் பெயர் திரும்ப வருகிறது. அந்தச் சக்கரம் ஆண், பெண் பார்த்துச் சுற்றுவதில்லை. என் அம்மா 1964 தை மாதம் பிறந்தவர், சோபகிருது வருஷம். 2024 தையில் அதே சோபகிருது திரும்பி வந்தது. போனில் சொன்னபோது, "எனக்கெதுக்குடா இதெல்லாம்? உங்கப்பா இருந்திருந்தா அவருக்குப் பண்ணியிருக்கலாம்" என்றார்.

அம்மா இருப்பது திருப்பதியில். திருப்பதியில் சொந்தக்காரர் இருந்தால் எவ்வளவு வசதி என்று உங்களுக்குத் தெரியும். திருப்பதியில் சொந்தக்காரராக இருப்பது என்னவென்று அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும்! குழந்தைக்கு மொட்டையா, பெண்ணுக்கு வரன் அமைந்ததா, பையனுக்கு வேலை கிடைத்ததா, விடிகாலை ரயிலில் வந்து இறங்கிவிடுவார்கள். அம்மா எழுந்து வெந்நீர் வைத்து, காபி கலந்து, இட்லியைக் கட்டிக் கொடுத்து மலைக்கு அனுப்புவார். தரிசனம் முடித்து இறங்கி வந்தால் ரசம் சாதம் தயாராக இருக்கும். ஊர் உலகத்து விசேஷமெல்லாம் அவருடைய அடுப்படி வழியாகத்தான் போயிருக்கிறது. எல்லோரும் விசேஷத்துக்குத் திருப்பதி வருகிறார்கள். திருப்பதிக்காரிக்கு ஒரு விசேஷம் என்றால் அவர் எங்கே போவது?

மூன்று முறை கேட்டபிறகு பதில் வந்தது. "கடல் பார்க்கணும். கும்பலா வேணாம், சும்மா உட்கார்ந்திருக்கணும்."

பழைய சித்தூர் மாவட்டத்துக்குக் கடலே கிடையாது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது நெல்லூர்ப் பக்கத்து சூளூர்பேட்டையும் சேர, வங்கக் கடலோரம் கொஞ்சம் கூடவே வந்தது. மாவட்டத்துக்கே கடல் கிடைத்துவிட்டது, அம்மாவுக்குக் கிடைக்கக் கூடாதா?

காலையில் கிளம்பி இரவு திரும்ப அங்கிருந்து இரண்டு மூன்று வழி இருக்கிறது. சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை பழவேற்காடு ஏரியின் குறுக்கே போகிறது. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உப்பங்கழி இது. மார்கழி, தை மாதங்களில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். ஆனால் தீவின் கடற்கரைக்குப் பொதுமக்கள் போக முடியாது, அது ராக்கெட் தளம். 2019-ல் திறந்த பார்வையாளர் மாடத்தில், முன்பதிவு செய்தால் ராக்கெட் ஏவுவதைப் பார்க்கலாம். இரண்டாவது, ஏரியின் தென்கோடியில் தமிழ்நாட்டுப் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய ஊர், அவர்களுடைய கல்லறைகள் இன்னும் இருக்கின்றன. அங்கே படகு ஆசை மட்டும் வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள்.

நாங்கள் போனது மூன்றாவது வழி, சென்னை மெரினா. சுமார் 140 கிலோமீட்டர். காரணம், அம்மாவின் முழங்கால். மணலில் பத்தடி வைத்தால் நின்றுவிடுவார். மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் ஒரு நிரந்தர மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்த, பிறகு சரிசெய்தார்கள். சக்கர நாற்காலியே அலைக்குப் பக்கம் வரை போகிறது, அம்மா போகமாட்டாரா? போனார். ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். சுண்டல் வாங்கினார். அவ்வளவுதான் விழா.

"அவ்வளவுதானா?" என்று சித்தி போனில் கேட்டார். ஒரு மண்டபம் பிடித்து நாலு பேரைக் கூப்பிட்டிருக்கலாமே என்பது அவர் வருத்தம். சித்தி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சொந்தங்கள் ஒன்றாகச் சேர்வதற்குச் சடங்கைவிட நல்ல சாக்கு நம்மிடம் இல்லை. ஆனால் மண்டபம் என்றால் அம்மா மறுபடி விருந்து கொடுப்பவர். யாருக்கு எந்தப் புடவை, யாரைக் கூப்பிட மறந்தோம், யார் முகம் தூக்கினார்கள் என்று அன்றைக்கும் வேலை. கடற்கரையில் அவருக்கு எந்த வேலையும் இல்லை. கடல் இவரிடம் காபி கேட்காது.

இரண்டையும் செய்யலாம் என்பது என் கட்சி. நமக்குத்தான் இரண்டு பிறந்தநாள் இருக்கிறதே! மாதமும் நட்சத்திரமும் கூடுகிற நாள் ஒன்று, இங்கிலீஷ் தேதி இன்னொன்று. (பல அம்மாக்களுக்கு சர்டிபிகேட்டில் இருக்கும் தேதி பள்ளிக்கூட வாத்தியார் போட்டது, அதனால் மூன்று என்றும் சொல்லலாம்.) நட்சத்திரத்தன்று ஆயுஷ்ய ஹோமமோ அர்ச்சனையோ, சொந்தங்களோடு. அதற்குக் கணவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்றில்லை. தேதியன்று கடல். லீவில் ஒரு நாள்தான் கூடுதலாகப் போகும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. அன்றைக்கு அம்மா அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. "வெளியில வாங்கறது உடம்புக்கு ஆகாது, புளியோதரை கிளறிடறேன்" என்று நாலு மணிக்கே எழுந்துவிடுவார், நீங்கள் மூன்றரைக்கு எழுந்து நீங்களே கிளறுங்கள். வழியில் சுத்தமான கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முந்தின நாளே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், நம் அம்மாக்கள் அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்கமாட்டார்கள். மதிய மாத்திரை, ஒரு மடக்கு நாற்காலி, குடை. உச்சி வெயிலில் மணலுக்குப் போகாதீர்கள். போட்டோ நாலு போதும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், வெளிநாட்டில் இருக்கும் நாம் அம்மாக்களின் பிறந்தநாளை கேக் அனுப்பியே முடித்துவிடுகிறோம். இங்கிருந்து பணம் கட்டினால் அரை மணியில் வீட்டு வாசலுக்குப் போய்விடுகிறது. அம்மா அதை வெட்டி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டுத் தட்டைக் கழுவி வைக்கிறார். அறுபதில் கைபிடித்தால் நடந்துவிடுகிற தூரம் எழுபதில் நடக்க முடியாமல் போகலாம். நம் விசா, நம் ப்ராஜெக்ட், பிள்ளைகளின் பள்ளிக்கூட லீவு எதற்காகவும் முழங்கால் காத்திருக்காது.

இந்த வாரம் போனில் பேசும்போது கேட்டுப் பாருங்கள்: "உனக்கு எந்த வருஷம்மா அறுபது? எங்கே போகணும்?" முதல் தடவை "எனக்கெதுக்கு" என்பார். இரண்டாவது தடவை பேச்சை மாற்றுவார். மூன்றாவது தடவையும் கேளுங்கள்.